வராத அரசரின் கட்டில்

காலியாரி மலைமேல், வைசிராய் மாளிகையின்
கடைசி அறையில் ஒரு கட்டில் இருக்கிறது.
வால்நட் மரம். நான்கு தூண்.
தலைமாட்டில் பொன் பூசிய கிரீடம்.
அதில் இதுவரை யாரும் படுத்ததில்லை.
சனிக்கிழமைதோறும் விரிப்பு மாற்றுவது என் வேலை.

அழுக்காகாத துணியைத் துவைத்திருக்கிறீர்களா?
அழுக்குத் துணியைவிடக் கடினம் அது.
போதும், நிறுத்து என்று சொல்ல
அதில் ஒரு கறைகூட இல்லை.

அரசர் கடலுக்கு அப்பால் இருக்கிறார்.
என்றைக்காவது வந்தால் படுக்க வேண்டுமே.
எனக்கு முன்னால் சிசின்னியா
முப்பத்தோரு வருடம் விரித்தாள்.
அவள் சாகும்போது கேட்டது,
"கப்பல் ஏதும் தெரிகிறதா?"

கப்பல்கள் வரத்தான் செய்கின்றன.
மூன்று வருடத்துக்கு ஒருவர் இறங்குவார்,
பெட்டிகள், வேட்டைநாய்கள், வயிற்றுக்கடுப்போடு.
அரசரின் குரல் நான் என்பார். அரசரின் கை நான் என்பார்.
பக்கத்து அறையில் படுப்பார்.
அந்த விரிப்புகளும் என்னிடம்தான் வரும்.
அதனால் எனக்குத் தெரியும்:
அரசரின் கைக்குச் சிரங்கு உண்டு.
அரசரின் குரல் தூக்கத்தில் எச்சில் வடிக்கும்.
ஒருவரின் தலையணை காலையில் உப்புப் பூத்திருந்தது,
கீழே உப்பளத்தில்
என் புருஷன் அந்தியோகுவின் சட்டை பூப்பதுபோல.

பொழுது சாய்ந்து எக்காளம் ஊதினால்
சார்டினியர் எல்லோரும் மலையைவிட்டு இறங்கிவிட வேண்டும்.
மலை எங்களுடையது.
எக்காளம் அவர்களுடையது.
என் கழுத்தில் அவர்கள் முத்திரை குத்திய தகர வில்லை,
ஆகையால் நான் தங்கலாம்.

வெட்டுக்கிளி வந்த வருடம்
தோன் கார்சேரான் ஆண்டுகொண்டிருந்தார்.
மிஞ்சிய கோதுமையையும் கப்பலில் ஏற்றினார்கள்.
களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்டவர்களிடம்
"மன்னருக்கு எழுதியிருக்கிறேன்,
பதில் வரட்டும்" என்றார்.
கடிதம் போக நாற்பது நாள்.
வர நாற்பது நாள்.
என் பையன் பாக்கிஸ் இருபத்து மூன்றாம் நாள் போய்விட்டான்.
கடிதம் அப்போது
நடுக்கடலில் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இரவு ஸ்தாம்பாச்சே தெரு மேலேறியது.
சூரை மீன் கொக்கிகள், உப்பு மண்வெட்டிகள், தீவட்டிகள்.
நான் புது விரிப்பை உதறிக்கொண்டிருந்தேன்.
கதவு திறந்து இரவுச் சட்டையோடு
வெறுங்காலோடு வந்தார் அரசரின் கை.
உதட்டில் விரல் வைத்தார்.
தவழ்ந்து கட்டிலுக்கு அடியில் போனார்.
விரிப்பைத் தரைவரை இழுத்துவிட்டது நான்தான்.
ஏன் என்று பலரும் கேட்டுவிட்டார்கள்.
பழக்கம், வேறென்ன.

"மன்னர் வாழ்க! கோதுமைத் திருடன் ஒழிக!"
கத்திக்கொண்டே நுழைந்தவர்கள்
கட்டிலைப் பார்த்ததும் நின்றார்கள்.
ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.
அந்தியோகுவும் கழற்றினான்.
"உள்ளே யாராவது?" என்று என்னையே கேட்டான்.
"யாருமில்லை" என்றேன்.
பதினாறு வருடமாக
அந்தக் கட்டிலைப் பற்றி அதுதான் உண்மை.

அவர்கள் நகர்ந்த பிறகு
குனியாமலே கேட்டேன்:
"பதில் வந்ததா, ஐயா?"
கீழிருந்து மூச்சு மட்டும் வந்தது.
அப்புறம் குரல்:
"நான் எழுதவே இல்லை."

படியில் இன்னும் காலடிகள் கேட்டன.
ஒரு சத்தம் போதும்.
வாய் வரை வந்தது.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.
கிரீடத்துக்குக் கீழே தலை வைத்துப்
படுத்தேன்.
மெத்தை முனகியது. அடியில் அவர் முனகினார்.
விடியும்வரை அசையவில்லை நான்;
நான் அசையாததால் அவரும்.

தை மாதக் காற்றில் புதியவர் வந்திறங்கினார்,
இரண்டு கிளிகளோடு.
அரசரின் அறையைக் காட்டினேன்.
விரிப்பில் சேறு, செருப்புத் தடம்,
ஓர் ஆள் அளவுக்குப் பள்ளம்.
நெற்றியைச் சுருக்கிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்,
"அவர் வந்திருந்தாரா?"

அந்த விரிப்பை மட்டும்
நான் இன்னும் துவைக்கவில்லை.